ஆடாத முக்காலி

எங்கள் ஊர் லேண்டரில் துப்பாக்கி சுடத் தெரியாதவன் கிடையாது. சுடத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவனும் கிடையாது. சனிக்கிழமை கிளப் போட்டியில் எண்ணூறு கஜத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகட்டை ஒருவன் தவறவிட்டால், அவன் முதலில் குறை சொல்வது காற்றை. காற்று இல்லாத நாளில் தோட்டாவை. அப்புறம் குறி பார்க்கும் ஸ்கோப், அதற்கும் அப்புறம் துப்பாக்கியைத் தாங்கும் முக்காலி. இந்த வரிசையில் சுட்டவனுடைய பெயர் மட்டும் வரவே வராது. முப்பது வருடமாக அந்தப் போட்டிகளுக்குப் போகிறேன். "நான் சரியா சுடல" என்று ஒருத்தன் சொல்லி என் காதால் கேட்டதில்லை.

அதனால் என் தங்கை புருஷன் லோவெல் ஜூன் மாதத்தில் ஒரு நாள் "முக்காலி ஆடுது மச்சான்" என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. இவனும் ஊரோடு சேர்ந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவனுக்கு அது விளையாட்டு இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் அவனுக்கு மலைக்கடா அனுமதி விழுந்திருந்தது. எங்கள் பக்கத்து மலைகளில் சுருட்டிய கொம்போடு திரியும் காட்டுச் செம்மறிக்கடாவைச் சுட, மாநில அரசு வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் குலுக்கல் போட்டுச் சீட்டுக் கொடுக்கும். லோவெல் இருபது வருடத்துக்கு மேலாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு மே மாதமும் இல்லை என்ற பதில் வரும், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பிறகு அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். இந்த முறை வந்துவிட்டது. ஒரு ஆளுக்கு ஆயுளில் ஒரு கடா, ஒரு பருவம். அந்த இலையுதிர் காலத்தில் சுடவில்லை என்றால் அவ்வளவுதான், சீட்டு வெறும் காகிதம். இன்னொருத்தனுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

மலைச்சரிவில் படுத்துச் சுட இடம் இருக்காது. புதரும் பாறையும் மறைக்கும். உட்கார்ந்தபடி, முக்காலியின் தலையில் துப்பாக்கியைப் பூட்டிச் சுடுவதுதான் எங்கள் வழக்கம். லோவெலிடம் பத்து வருடமாக ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் துப்பாக்கியை வைத்து அவன் எத்தனையோ மான் அடித்திருக்கிறான். அந்தப் பத்து வருடமும் ஆடாத முக்காலி, சீட்டு வந்தவுடன் ஆட ஆரம்பித்துவிட்டதாம். கேட்டுக்கொண்டேன்.

அவனை ட்ரெவர் கடைக்குக் கூட்டிப் போனது என் கிரகம்.

ட்ரெவர் எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடைக்காரன். நாற்பது வயது, மார்பு வரைக்கும் தாடி, எப்போது பார்த்தாலும் இப்போதுதான் சிகரத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி உடுப்பு. மலையை அவன் கடை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. எந்த முக்காலி உசத்தி, எது மட்டம் என்று போனில் தன்னையே படம் பிடித்து இணையத்தில் போடுவான். அதை ஊர் ஊராக உட்கார்ந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

"வாங்க லோவெல் அண்ணே. எதுல ஆட்டம்? கால்லயா, தலையிலயா?" என்றான் ட்ரெவர், டாக்டர் மாதிரி.

"தெரியலப்பா. குறி ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது."

"உங்க பழசுல ஏத்தி எறக்குற நடுத்தண்டு இருக்குல்ல? அங்கதான் பிரச்சன. நடுத்தண்டெல்லாம் கல்யாணத்துல போட்டோ எடுக்கறவனுக்கு. நமக்கு ஆகாது. இதப் பாருங்க, கார்பன் ஃபைபர். காலு ஒவ்வொண்ணும் மூணு விரல் தடிமன். தண்டே கெடையாது. நீங்க கல்லு மேல வச்சீங்கன்னா கல்லோட கல்லா நிக்கும்."

"அதுக்குக் கல்லையே வச்சிக்கலாமே. கல்லு சும்மா கெடைக்குது," என்றேன் நான்.

"ஹார்லன் அண்ணே எப்பவும் இப்படித்தான்," என்று ட்ரெவர் சிரித்தான். லோவெல் சிரிக்கவில்லை. முக்காலியின் காலை விரித்து, அழுத்தி, குனிந்து, நிமிர்ந்து, பெண் பார்க்க வந்தவன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் வாங்கினான்.

அன்று சாயங்காலமே அவன் வீட்டு கராஜில் சோதனை. எங்கள் ஆட்களிடம் ஒரு பயிற்சி உண்டு. தோட்டா போடாத துப்பாக்கியின் குழல்மேல் ஒரு சில்லறைக் காசைப் படுக்க வைத்து, ஸ்கோப் வழியாகக் குறி பார்த்து, விசையை அழுத்த வேண்டும். காசு விழக்கூடாது. லோவெல் இதில் கெட்டிக்காரன். ஒரு காலத்தில் காசு மேல் காசு வைத்து அழுத்துவான், ஒன்றுகூட நகராது. அன்றைக்கு அவன் அழுத்தினான், காசு விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விசையைத் தொடுவதற்கு முன்பே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டு போனது.

"தள்ளு," என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். அழுத்தினேன். காசு அப்படியே இருந்தது.

"முக்காலி ஆடல மாப்ள," என்றேன். "நீதான் ஆடுற."

"உன் வாய்க்கு ஒரு கிளாம்ப் வாங்கணும் மச்சான்."

"காபியக் கொற. கடாவ நெனச்சு நெனச்சு ஒடம்பு முழுக்க நடுங்குது உனக்கு. கன்னிப்பொண்ணு மாதிரி."

அவன் காசைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "தலை உக்கார்ற கிண்ணத்துல எங்கயோ லூசு இருக்கு," என்றான்.

அதிலிருந்து பிடித்தது சனி. கிண்ணத்தில் லூசு என்று அடுத்த வாரமே அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று. அதற்கு ரப்பர் பாதம், வழுக்குகிறது என்று ஆணிப் பாதம் வைத்த இன்னொன்று. ஆணிப் பாதம் கராஜின் சிமெண்டுத் தரையில் சறுக்கியது, அது தரையின் குற்றம் என்று எனக்கே பாடம் எடுத்தான். அப்புறம் ட்ரெவர் சொன்னானென்று கனமான அலுமினியத்தில் ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதென்றால் இரண்டு குதிரை வேண்டும். அப்புறம் முக்காலிக்கு நடுவில் கொக்கி வைத்து, அதில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டால் அசையாது என்று எவனோ வீடியோவில் உளறியிருக்கிறான். எங்கள் ஊர்க் காற்றில் பையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? பை ஊஞ்சல் ஆடியது. கூடவே முக்காலியும் ஆடியது. அன்றைக்கு ஒரு நாள்தான் அவன் சொன்னது சரியாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் அதே கூத்து. அவன் உட்காருவான், குறி அலையும். "முக்காலி ஆடுது மச்சான்" என்பான். நான் உட்காருவேன், குறி நிற்கும். "முக்காலி ஆடல, நீதான் ஆடுற" என்பேன். இரண்டு பேருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆகஸ்டில் அவன் கராஜைப் பார்த்தால் யாரோ முக்காலிப் பண்ணை வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். கார் வெளியே வெயிலில் நின்றது.

நான் நோரீனிடம் முறையிட்டேன். நோரீன் என் தங்கை, அவன் பெண்டாட்டி. புருஷன் பணத்தைக் கரியாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகம் இல்லை அவள். அவன் போன வருடம் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கியதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள்.

"அவரு வாங்கட்டும் விடுண்ணே," என்றாள் நோரீன், அடுப்பைப் பார்த்தபடியே. "அதுல ஒரு நிம்மதி அவருக்கு."

"நிம்மதிக்கு ஒரு நாய் வாங்கித் தா. செலவும் கம்மி."

எனக்குக் காபி ஊற்றினாள், விளிம்பு வரை. லோவெலின் கோப்பையில் பாதிதான் ஊற்றினாள். நான் காபியைக் குறைக்கச் சொன்னதை இவளாவது கேட்டாளே என்று எனக்கு ஒரு திருப்தி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததே இவள்தான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு குடித்தேன்.

ஆகஸ்டு கடைசியில் கிளப் போட்டி வந்தது. மலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஒத்திகையாக இருக்கட்டும் என்று லோவெலை இழுத்துப் போனேன். முக்காலி மேல் வைத்து, உட்கார்ந்து, நானூறு கஜத்தில் இருக்கும் தகட்டைச் சுட வேண்டும். தகடு கார் கதவு அளவு. பத்துத் தோட்டா. லோவெல் இரண்டு அடித்தான். சின்னப் பையன்கள் அடிக்கும் தகடு அது.

அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேரைத் தவிரக் குழுவில் ஆறு பேர். ஆறு பேரும் முக்காலியைச் சுற்றி நின்றுகொண்டார்கள், நடுரோட்டில் நின்றுபோன காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஒருவன் காலைத் தட்டிப் பார்த்தான். ஒருவன் தலையைத் திருகினான். இன்னொருவன் மண்டியிட்டுப் பாதத்தை முகர்ந்தே பார்த்தான் என்று நினைக்கிறேன். பின்கால் இரண்டையும் இன்னும் அகட்டு என்றான் ஒருத்தன். அகட்டினதுதான் தப்பு என்றான் இன்னொருத்தன். பெரிய பெரிய போட்டியில் பரிசு வாங்கியவர்கள் எல்லாரும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த முக்காலியைப் பார்த்தார்கள். லோவெல் கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் திணித்துக்கொண்டு, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகஸ்டு மாத வெயிலில் ஜாக்கெட். எவனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ட்ரெவரிடம் போய் எட்டாவது முக்காலியை வாங்கினான். கால் மூன்றும் என் மணிக்கட்டுத் தடிமன். விலையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் குதிரைகளில் சாமான் ஏற்றி விண்ட் ரிவர் மலைக்குள் போனோம். நானும் அவனும் மட்டும்தான். மரங்கள் முடிகிற இடத்தில், ஓடைக்கு மேலே கூடாரம். முதல் நாள் ஒன்றும் தட்டுப்படவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் எதிர்ச்சரிவில் நான்கு கடாக்களைக் கண்டுபிடித்தோம். மூன்று சின்னது. நான்காவது தனியாகப் பாறை மேல் படுத்திருந்தது. கொம்பு முழுச் சுற்று சுற்றி, முனை உடைந்து மழுங்கியிருந்தது. இருபது வருட மே மாதங்களுக்கு அது ஒன்றே போதும்.

தூரம் அதிகம், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. காலையில் அந்தப் பக்கம் ஏறிப் போய் நெருங்குவது என்று முடிவு செய்தோம். இருட்டுகிறவரை பார்த்துக்கொண்டிருப்போம் என்று நான் லோவெலின் எட்டாவது முக்காலியை எடுத்து விரித்து, தலையில் தொலைநோக்கியைப் பூட்டினேன். அன்றைக்குக் காற்று ஆளைத் தள்ளியது. தொலைநோக்கிக்குள் கடா சுவரில் மாட்டிய படம் மாதிரி நின்றது. ட்ரெவரை எனக்குப் பிடிக்காது, ஆனால் பொய் சொல்ல மாட்டேன். அந்த முக்காலி மலையோடு மலையாக நின்றது.

"பாரு மாப்ள, அசைபோடறது தெரியுது," என்றேன், கண்ணை எடுக்காமல்.

லோவெல் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் கையை எங்கேயாவது வைக்க வேண்டுமே, முக்காலியின் ஒரு கால்மேல் வைத்தான். கடா நடுங்க ஆரம்பித்தது.

எனக்குப் புரியவில்லை. கண்ணை எடுத்துப் பார்த்தேன். அவன் கடாவை நினைத்துப் பதறிக்கொண்டிருக்கவில்லை. தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, மாட்டிறைச்சி வற்றல் ஒன்றை மென்றபடி ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி அவன் பையோடு கிடந்தது. காலையிலிருந்து காபி குடிக்கவில்லை. அவன் வலது கை மட்டும் முக்காலியின் கால்மேல் தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது, அது அவன் கையே இல்லை என்பதுபோல. மறுபடி தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்தேன். வற்றலை எடுக்கக் கையைத் தூக்கினான், கடா நின்றது. மறுபடி வைத்தான், கடா நடுங்கியது.

நான் கண்ணைத் தொலைநோக்கியிலேயே வைத்துக்கொண்டேன். பாதிக் கோப்பை காபி ஞாபகம் வந்தது. ஆகஸ்டில் போட்ட ஜாக்கெட் ஞாபகம் வந்தது. கோடை முழுவதும் எட்டு முக்காலியின் இருபத்து நான்கு காலையும் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறோம். முட்டாள்களின் கூட்டம் ஒன்று, அதற்கு நான் தலைவன். உண்மையை நாளுக்கு ஒரு தடவை என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

அன்றிரவு நான் அவனைக் கிண்டல் செய்யவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஏதோ பேசிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

காலையில் பின்பக்கமாக ஏறி, முகட்டில் தவழ்ந்து போய்ப் பார்த்தோம். கடாக்கள் கீழே இருந்தன, முந்நூறு கஜம்கூட இல்லை. எங்கள் ஊரில் அந்தத் தூரத்தைத் தூரம் என்றே சொல்ல மாட்டார்கள். லோவெல் ஒரு கல்மேல் உட்கார்ந்து முக்காலியை விரித்து, துப்பாக்கியைப் பூட்டினான். பெரிய கடா பக்கவாட்டில் நின்றது. அவன் வெகு நேரம் குறி பார்த்தான். குழலின் முனை சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. அவனுக்கு ஸ்கோப்புக்குள் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

சுட்டான். கடாவின் முதுகுக்கு மேலே பாறையில் தூசி கிளம்பியது. சத்தம் மலைக்கு மலை மோதியதில் எந்தப் பக்கம் ஓடுவது என்று கடாக்களுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் மேலே ஏறி, கும்பலாக நின்று, எங்களைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்தன.

லோவெல் ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தான்.

"முக்காலி ஆடுது மச்சான்," என்றான்.

"ஆமா," என்றேன். "ஆடுது."

அவன் மெதுவாகத் திரும்பினான்.

"என்ன சொன்ன?"

"ஆடுதுன்னேன். ட்ரெவர் ஏமாத்திட்டான். கால்ல எங்கயோ லூசு."

"முப்பது வருசமா நான் சொன்ன ஒண்ணுக்காவது நீ ஆமான்னு சொல்லியிருக்கியாடா?" அவன் குரல் தாழ்ந்தே இருந்தது, ஆனால் கோபம். "நோரீன் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நேத்து நீ கைய முக்காலி மேல வச்ச."

அவன் கையைப் பார்த்தான். அதை இன்னொரு கையால் பிடித்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

"நடுக்குவாதம்னு மார்ச்லயே டாக்டர் சொல்லிட்டாரு," என்றான். "மாத்திர கொஞ்ச நாள் கேக்கும், அப்புறம் கேக்காதுன்னாரு. அப்ப சீட்டே வரல. மே மாசம் வந்து தொலையுது. இருபது வருசம் வராதது." முக்காலியைப் பார்த்தான். "நல்ல முக்காலியா கெடைச்சா சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்."

நான் கடாக்கள் இருந்த பக்கம் பார்த்தேன். அவை இன்னும் கும்பலாக அங்கேயே நின்றன.

"நீ சுடு மச்சான்," என்றான் லோவெல். "இங்க யாரு இருக்கா பாக்க?"

"நீ இருக்க. நான் இருக்கேன். உன் சீட்டுல என் குண்டு போனா அது வேட்டையா? களவு. என்னக் கேட்டதே தப்பு."

"அப்ப எந்திரி, எறங்கலாம். எங்கிட்டப் பரிதாபமா பேசிக்கிட்டு உக்காராத. எனக்குக் கொமட்டுது. நோரீன் மூஞ்சில தெனமும் அதத்தான் பாக்கறேன். சிந்திடும்னு பாதி காபி ஊத்துறா எனக்கு. நீ ஒருத்தன்தான் ஒழுங்கா திட்டிக்கிட்டிருந்த, நீயும் போயிட்ட." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எப்பவும் சொல்றத சொல்லுடா."

"வேணாம் மாப்ள."

"சொல்லுடா."

சொன்னேன். "முக்காலி ஆடல. நீதான் ஆடுற."

"ஆங்," என்றான். தோள்கள் இறங்கின. கல்லிலேயே உட்கார்ந்திருந்தான், ஆனால் சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி இருந்தான்.

அதைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் என் மரமண்டைக்கு வேலை செய்யத் தோன்றியது. முக்காலி ஆடவில்லை, இவன் ஆடுகிறான் என்றால் இவனுக்கல்லவா முட்டுக் கொடுக்க வேண்டும்? துப்பாக்கியின் முன்பக்கம் முக்காலி மேல் இருக்கிறது. பின்பக்கம் இவன் தோளில், இவன் கையில், வெறும் காற்றில் இருக்கிறது. முன்பக்கத்துக்கு எட்டு முக்காலி. பின்பக்கத்துக்கு ஒரு மண்மூட்டைகூட எவனுக்கும் தோன்றவில்லை, பரிசு வாங்கின ஆறு பேருக்கும் சரி, வீடியோக்காரனுக்கும் சரி, எனக்கும் சரி. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் சுடுகிறவனைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பழக்கம்தான் எங்கள் ஊரில் இல்லையே.

இரண்டு பேர் பைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அவன் மடிக்கும் துப்பாக்கியின் பின்கட்டைக்கும் நடுவில் திணித்தேன். காதில் அடைப்பானைச் செருகிக்கொண்டு, அவனுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழே, சரிவில் காலை ஊன்றி உட்கார்ந்தேன்.

"என்னடா பண்ற?"

"முழங்கைய என் தோள்ல வை. முழுசா. மரியாதையா வைக்காத, சாக்கு மூட்டைய எறக்கற மாதிரி எறக்கு. அடுத்தவன் சுடக்கூடாதுன்னுதான் சட்டம். அடுத்தவன் உக்காரக்கூடாதுன்னு இல்ல."

வைத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை என் தோளில் படிந்தது. முதலில் நடுக்கம் என் கழுத்து வரை வந்தது. நான் அழுத்திக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கி, தூரத்தில் ஓடும் மோட்டார் மாதிரி ஆகி, அப்புறம் எனக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு வந்தது. நான் பார்த்தபோது குழலின் முனை நின்றுவிட்டிருந்தது.

"பெருசு எங்க?" என்றேன்.

"எடதுபக்கம், ஓரத்துல. பக்கவாட்டுல திரும்பிக்கிட்டிருக்கு." மூச்சை மெல்ல விட்டான். "நிக்குதுடா. குறி நிக்குது. மார்ச்லேருந்து இப்படி நின்னதே இல்ல."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவன். பல்லைக் கடித்துக்கொண்டேன், ஓடையைப் பார்த்தேன், ட்ரெவரின் தாடியை நினைத்துக்கொண்டேன். எதுவும் உதவவில்லை.

ஒரு நிமிடம் கழித்து, கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே லோவெல் சொன்னான்.

"மச்சான். முக்காலி ஆடுது."

இந்தத் தடவை நான் மறுத்துப் பேசவில்லை. அவன் சொன்னது உண்மை. என் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அழுவுறத அப்புறம் வச்சிக்க," என்றான். "கடா போயிடும்."

மூச்சை இழுத்துப் பிடித்தேன். வயிற்றை இறுக்கி, காலைச் சரிவில் அழுத்தி, கல்லாக உட்கார்ந்தேன். என் காதருகில் அவன் விரல் விசைமேல் வருவது தெரிந்தது. சுட்டான்.

பெரிய கடா நின்ற இடத்திலேயே முன்காலை மடித்துப் படுப்பதுபோல் விழுந்தது. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. மற்ற மூன்றும் பக்கத்து முகட்டைத் தாண்டி ஓடின. பாறையிலிருந்து கற்கள் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது.

லோவெல் எழுந்திருக்கவில்லை. கையையும் என் தோளிலிருந்து எடுக்கவில்லை. கீழே கிடந்த கடாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இந்த ஒம்பதாவது முக்காலிய ட்ரெவர் கடையில வச்சா எவனும் வாங்க மாட்டான்," என்றான் கடைசியில். "மடக்க முடியாது. நாறுது. வாய் வேற."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இறங்கிப் போய்த் தோலை உரிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் இறைச்சியைச் சுமந்து கூடாரத்துக்குக் கொண்டுவர வேண்டும், வேலை கிடந்தது. ஆனால் அவன் கை மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தது, என் தோள்மேலேயே. அது அடங்கும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.